தெரியுமா என்று கேட்பதில் இரண்டு வகை

போன கிழமை தரம் 10 வகுப்புக்குள் நான் நுழையும்போது ஒரு சின்ன விசாரணை நடந்துகொண்டிருந்தது. தனக்கு இளையராஜா பாட்டென்றால் உயிர் என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டாள். மூன்று பெடியன்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். “அப்ப சொல்லு பாப்பம், அவர் இசையமைச்ச முதல் படம் எது? எந்த வருசம்?” படத்தைச் சரியாகச் சொன்னாள். வருடத்தில் பிழை விட்டாள். “உதுகூடத் தெரியாது, நீ என்ன ரசிகை?” ஒரே சிரிப்பு. அவள் புத்தகத்தைத் திறந்து குனிந்துகொண்டாள்.

அன்னக்கிளி, 1976. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே யாருக்கும் விடை தேவைப்படவில்லை. அவள் பிழை விட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இது பழகிய கேள்வி. நாதஸ்வரம் பிடிக்கும் என்று சொன்னால், “சேர், அப்ப இது என்ன ராகம்?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பக்கத்தில் நின்று அதே நாதஸ்வரத்தைக் கேட்பவரிடம் அந்தக் கேள்வி போகாது. ஷேக் சின்ன மௌலானாவின் பெயரைச் சொல்லலாம். 1998இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்த நாதஸ்வர மேதை அவர். ஆனால் ஒரு இசையைப் பிடிக்கும் என்று சொல்ல நான் ஏன் ஒரு மேதையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும்? எங்கள் ஆட்கள் மட்டும் சும்மாவா? “பாட்டெல்லாம் கேக்கிறீங்க, எத்தனை சூறா பாடம்?” என்பார்கள்.

இதே கேள்வியை ஒரு அரசாங்கமே கேட்ட காலம் உண்டு. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக பி. வி. கேஸ்கர் வந்தார். சினிமாப் பாட்டு மலினமானது, மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் அதற்கான நேரம் வெட்டப்பட்டது. தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றி, சினிமாப் பாட்டு அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது.

சாஸ்திரிய இசைக் கலைஞர்களுக்கும் தேர்வு வந்தது. பல வருடம் மேடையில் வாசித்தவர்களும் ஒரு குழுவின் முன் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது, இசை இலக்கணத்திலும் கேள்வி கேட்டார்கள். தகப்பனிடமும் மாமனிடமும் காதால் கேட்டுப் பாடம் செய்த கலைஞனுக்கு ராகம் கையில் இருக்கும். அதைப் புத்தகப் பாஷையில் சொல்ல வராது. வட இந்தியாவில் அப்படிப் பரம்பரையாக இசை காத்தவர்களில் பலர் முஸ்லிம் உஸ்தாதுகள். இசை கெட்டதே முஸ்லிம்களின் கைக்குப் போனதால்தான் என்ற நினைப்பும் கேஸ்கரிடம் இருந்தது. கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

டில்லி கதவை மூட, கொழும்பு திறந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் இங்கே நிறுவிய வலுவான ஒலிபரப்புக் கருவிகள் போர் முடிந்தபின் இலங்கைக்குக் கிடைத்திருந்தன. ரேடியோ சிலோனின் சிற்றலை உபகண்டம் முழுக்கக் கேட்டது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா தொடங்கியது. அதுவும் ஒரு போட்டிதான். ஒலிபரப்பான பாட்டுகளைச் சரியாக வரிசைப்படுத்தி எழுதினால் 100 ரூபாய்ப் பரிசு. ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. கடைசியில் டில்லியே இறங்கிவந்து 1957 ஒக்டோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்கியது.

தமிழிலும் அப்படித்தான். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் எங்கள் தீவுகளுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே கிடக்கும் கடலைத் தினமும் கடந்தன. தமிழ்நாட்டில் தேநீர்க் கடை தேநீர்க் கடையாக அந்தக் குரல்களுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். வாப்பாவும் ஒரு ரசிகர். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டபோது அவர் விட்டுவிட்டு வந்த சாமான்களில் ஒரு வானொலிப் பெட்டியும் இருந்தது. புத்தளத்தில் இருந்துகொண்டு வீட்டைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுவார்.

அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ இலங்கை வானொலியில் வளர்ந்து பிறகு சன் டிவி வரைக்கும் போனது. யோசித்துப் பாருங்கள், அதுவும் கேள்விதானே. ஒரு எழுத்தைக் கொடுப்பார். மணி அடிப்பதற்குள் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். முடியாமல் போனால் தோல்வி. ஆனாலும் தோற்றவரை ரசிகர் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. தோற்றவரும் ஒரு பாட்டைக் கூடுதலாகத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். அவ்வளவு பேருக்கும் தமிழை எப்படி உச்சரிப்பது என்று காட்டியவர் ஒரு முஸ்லிம். அந்த நிகழ்ச்சியில் அதை ஒரு செய்தியாக யாரும் எடுக்கவில்லை.

இரண்டும் கேள்விதான். ஒன்று உள்ளே கூப்பிடக் கேட்பது. மற்றது வெளியே நிறுத்துவது என்று முடிவெடுத்துவிட்டுக் கேட்பது. இரண்டாவது வகைக்கு எந்த விடையும் போதாது. அன்னக்கிளியின் வருடத்தை அவள் சரியாகச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பில் பாட்டுக்குப் பாட்டு வைத்தேன். மேசையில் தட்டுவதுதான் மணி. அந்தப் பிள்ளை பாடவில்லை. ஆனால் அவளைக் கேள்வி கேட்ட பெடியன் ஒருவன் ‘ம’வில் மாட்டிக்கொண்டு முழித்தபோது, பின்வாங்கிலிருந்து மெதுவாக ஒரு பாட்டின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் பாடினான்.