நிலம் நடுங்கியது, சாதி நடுங்கியதா?



மத்திகிரியில் நாங்கள் வேலை செய்யும் பகுதியின் லைன் வீடுகளில் பீகார்த் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓசூர்க் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை, ஓர் அறைக்கு ஐந்தாறு பேர். அவர்களில் ஒருவர், 2015 ஏப்ரல் 25 அன்று நேபாள நிலநடுக்கம் வந்தபோது தன் ஊரில் இருந்தவர். "எல்லாரும் வெளியே ஓடினோம். அன்று ராத்திரி யாரும் வீட்டுக்குள் படுக்கவில்லை. பெரிய சாதிக்காரர்களும் எங்களோடு வயலில்தான் படுத்தார்கள்" என்றார். "அப்புறம்?" என்று கேட்டோம். சிரித்தார். "பயம் போனதும் அவரவர் டோலாவுக்குப் போய்விட்டோம்." டோலா என்பது அங்கே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் குடியிருப்பு.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அதில் நம் திருநெல்வேலியும் வருகிறது.

1934 ஜனவரி 15 பிற்பகலில் பீகாரும் நேபாளமும் குலுங்கின. அளவு சுமார் 8. முங்கேர் நகரம் தரைமட்டமானது. பீகாரில் மட்டும் 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசியபோது, இந்த நிலநடுக்கம் நம் பாவங்களுக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தீண்டாமையே அந்தப் பாவம் என்பது அவர் கருத்து.

தாகூர் இதை ஏற்கவில்லை. தீண்டாமையை எதிர்ப்பதில் அவரும் காந்தியோடு நின்றவர்தான். ஆனால் இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் இருக்க முடியும் என்று மறுப்பு எழுதினார். எங்கோ பத்திரமாக இருக்கும் குற்றவாளிகளுக்குப் பாடம் புகட்டக் குழந்தைகளையும் தீண்டப்படாத மக்களையும் கொல்வது என்ன நீதி என்பது அவர் கேள்வி. இந்த வாதம் சனாதனிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும், காந்தியின் இயக்கமே கடவுளின் கோபத்துக்குக் காரணம் என்று அவர்களும் சொல்லலாமே என்றும் எச்சரித்தார். காந்தி அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். ஆனால் தன் கருத்தை விடவில்லை.

காந்தியின் நோக்கத்தை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. வாதத்தைத்தான் ஏற்க முடியாது. இந்தியத் தட்டு ஆசியாவுக்கு அடியில் தொடர்ந்து நெருக்குகிறது. சேர்ந்த அழுத்தம் ஒருநாள் வெடிக்கிறது. அதற்குச் சாதி தெரியாது. முற்பிறவிப் பாவத்தால்தான் இந்தச் சாதியில் பிறந்தாய் என்று நம் பாட்டன்மாரிடம் சொல்லப்பட்டதும் இதே தண்டனைக் கதைதான். அதே கதையைக் கொண்டு நம் விடுதலையைப் பேச முடியாது.

சாதி தன் வேலையைக் காட்டுவது அதிர்வு நின்ற பிறகு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதி இடிந்து விழுந்தது. அங்கே நிவாரண முகாம்கள் சாதிவாரியாகவும் மதவாரியாகவும் பிரிந்து நின்றதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா கடலடி நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி நாகப்பட்டினத்தைத் தாக்கியது. பிணங்களை அகற்ற அழைத்துவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பல இடங்களில் தலித்துகள் முகாம்களிலிருந்து விரட்டப்பட்டார்கள். படகும் வலையும் இழந்தவர்கள் கணக்கில் வந்தார்கள். கூலி இழந்த தலித் விவசாயத் தொழிலாளர்கள் பல ஊர்களில் கணக்கிலேயே வரவில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 61-ஆவது பிரிவு, நிவாரணத்தில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இந்த எண்ணை மனதில் வையுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் பேசும்போது உதவும்.

நம் பக்கம் பெரிய நிலநடுக்கம் அரிது. ஆனால் வெள்ளம் வரும், தீ பிடிக்கும், கொரோனா போல ஒன்று வரும். அன்று நிவாரணப் பட்டியலை யாரோ எழுதுவார்கள். நம் காலனியில் பட்டா இல்லாத வீடுகள் எத்தனை, லைன் வீட்டில் இங்கே ரேஷன் கார்டு இல்லாதவர் எத்தனை பேர் என்று இப்போதே கணக்கெடுத்து வைப்போம். வயலில் ஒன்றாகப் படுத்த அந்த இரவு தானாக நீடிக்கவில்லை. பட்டியலில் நம் பெயரும் தானாக வராது.