இடப்பக்கம் மட்டும் கேட்கும் குரல்: ஒலிப்பதிவுக் கருவிகளின் வரலாறு



மலேசியத் தமிழர் வரலாற்றில் ஏட்டில் ஏறாத பக்கங்கள் பல. பால்மரத் தோட்டத்து வாழ்க்கை, 1942-43ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள் பட்ட துயரம், தாலாட்டு, ஒப்பாரி ஆகியவை பெரும்பாலும் முதியோரின் நாவிலேயே வாழ்ந்து வந்துள்ளன. சிங்கப்பூரில் இத்தகைய நினைவுகளைத் திரட்டுவதற்கென்றே 1979ஆம் ஆண்டில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது. இன்று ஆசிரியர்களும் மாணவர்களும் கூட ஒரு சிறு கருவியைக் கையில் ஏந்தி இப்பணியைச் செய்ய முடிகிறது.

ஆனால் பதிவு செய்து வந்த பின், "ஒரு பக்கம்தான் கேட்கிறது", "கைப்பேசியில் போட்டால் குரலே இல்லை" என்று மனம் சோர்ந்து, கோப்பை அழித்துவிடுவோரும் உளர். அருள்கூர்ந்து அழித்துவிடாதீர்கள். இக்கோளாறுகளில் பலவற்றில் குரல் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. அது ஏன் மறைந்தது என்பதைக் கருவிகளின் வரலாறே நமக்குச் சொல்லித் தருகிறது.

1. தொலைபேசி தந்த செருகி

டென்மார்க்கைச் சேர்ந்த வால்டமர் பவுல்சன் 1898ஆம் ஆண்டில் எஃகுக் கம்பியில் காந்த முறையில் ஒலியைப் பதிந்து காட்டினார். 1928ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளூமர் காந்தத் துகள் பூசிய நாடாவை உருவாக்கினார். 1951ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி, தூக்கிச் செல்லத்தக்க 'நாக்ரா' கருவியைச் செய்தார். போலந்து மொழியில் அச்சொல்லுக்குப் 'பதிவு செய்யும்' என்று பொருள். 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தவே, ஒலிப்பதிவு எளியோர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

கருவிகள் இவ்வாறு மாறினாலும், ஒலிவாங்கியை இணைக்கும் செருகி மட்டும் அவற்றைவிட மூத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில், அழைப்புகளை மாற்றிக் கொடுப்பதற்குப் பயன்பட்ட 6.35 மில்லிமீட்டர் செருகியே அதன் மூதாதை. நாம் இன்று பயன்படுத்தும் 3.5 மில்லிமீட்டர் செருகி அதன் சிறிய வடிவம்.

ஒற்றைத்தட ஒலிவாங்கியின் செருகியில் நுனி, உறை என இரண்டு பகுதிகளே உண்டு. ஸ்டீரியோ செருகியில் இவற்றிற்கு இடையில் ஒரு வளையமும் இருக்கும். நுனி இடத்தடத்திற்கும், வளையம் வலத்தடத்திற்கும் உரியவை. இப்போது ஒற்றைத்தடச் செருகியை ஸ்டீரியோ துளையில் செருகினால் என்ன நிகழும்? வளையம் இருக்க வேண்டிய இடத்தில் உறை வந்து நிற்கும். வலத்தடம் ஊமையாகிவிடும். "ஒரு பக்கம்தான் கேட்கிறது" என்னும் குறைக்கு மிகப் பொதுவான காரணம் இதுவே.

தீர்வு எளிது. கருவியின் அமைப்பில் 'மோனோ' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பதியலாம். ஏற்கெனவே பதிந்திருந்தால், 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் இடத்தடத்தை வலத்தடத்திற்கும் படியெடுத்துவிடலாம். குரலின் ஒரு சொல்லும் குறையாது.

பழைய கேசட்டிலும் ஒரு பக்கம் மங்கலாகக் கேட்பதுண்டு. அங்கே பெரும்பாலும் கருவியின் 'ஹெட்' மீது படிந்த அழுக்குதான் காரணம். கேசட்டைக் குறை கூறுவதற்கு முன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் அதனைத் துடைத்துப் பாருங்கள்.

2. எதிரெதிராக ஓடும் இரு கம்பிகள்

ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931ஆம் ஆண்டில் ஈரொலித்தட முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். பின்னர் ஸ்டீரியோ கேசட் வந்தபோது, இரு தடங்களையும் அருகருகே அமைத்தார்கள். பழைய ஒற்றைத்தடக் கருவி அவ்விரண்டையும் ஒருசேரப் படித்துக் கூட்டி ஒலிக்கச் செய்யும். பழைய கருவி வைத்திருப்போரும் புதிய கேசட்டைக் கேட்க வழி செய்த நல்ல ஏற்பாடு அது. ஒரே ஒலிபெருக்கி உள்ள கைப்பேசிகளும் இன்று அதையே செய்கின்றன. இரு தடங்களையும் கூட்டுகின்றன.

இந்தக் கூட்டலில்தான் குரல் காணாமற்போகிறது. மேடைகளில் பயன்படும் எக்ஸ்.எல்.ஆர். ஒலிவாங்கியில் மூன்று ஊசிகள் உள்ளன. நீண்ட கம்பியில் இரைச்சல் ஏறாமலிருக்க, தொலைபேசித் துறை கண்ட உத்தி ஒன்று அதில் கையாளப்படுகிறது. குரல் இரு கம்பிகளில் எதிரெதிர் வடிவில் செல்லும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். வழியில் புகும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே வடிவில் இருக்கும். கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் நீங்கிக் குரல் எஞ்சும்.

பொருந்தாத கம்பியைக் கொண்டு இந்த ஒலிவாங்கியைச் சிறு கருவியின் ஸ்டீரியோ துளையில் இணைத்தால், அவ்விரு எதிர்வடிவங்களும் இடத்தடத்திலும் வலத்தடத்திலும் தனித்தனியே பதிவாகிவிடும். ஹெட்போனில் கேட்டால் குரல் ஏதோ வெற்றிடத்திலிருந்து வருவது போலத் தோன்றும். ஒற்றை ஒலிபெருக்கியில் இரண்டும் கூடும்போது, 5உம் -5உம் சேர்ந்து சுழியாவது போல, குரல் மறைந்துவிடும். மாணவர்களுக்குக் கணிதப் பாடத்தில் காட்டத்தக்க நல்ல எடுத்துக்காட்டு இது!

இதற்கும் வழியுண்டு. மென்பொருளில் ஒரு தடத்தை மட்டும் தலைகீழாக்குங்கள். அல்லது ஒரு தடத்தை நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். குரல் மீண்டு வரும்.

3. ஒலிவாங்கிக்கும் பசி உண்டு

சில ஒலிவாங்கிகள் மின்சாரம் இன்றி இயங்கா. 1962ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவரும் எலெக்ட்ரெட் ஒலிவாங்கியை உருவாக்கினர். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு ஒலிவாங்கிகள் அவ்வகையைச் சார்ந்தவை. அவற்றிற்குச் சில வோல்ட் போதும். பெரிய கண்டென்சர் ஒலிவாங்கிகள் பலவற்றிற்கு 48 வோல்ட் தேவைப்படும். 1966ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காக இம்முறையைச் செயற்படுத்தியது. குரல் செல்லும் அதே கம்பிகளில் மின்சாரமும் கண்ணுக்குப் புலப்படாமல் செல்வதால், இதனை 'ஃபான்டம்' மின்சாரம் என்றழைத்தனர்.

எனவே ஒலிவாங்கி முழுமையாக ஊமையாக இருந்தால், முதலில் கருவியின் அமைப்பில் மின்சாரம் திறக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மின்கலம் ஏற்கும் ஒலிவாங்கியாயின் மின்கலத்தைச் சோதியுங்கள். உள்ளீடு 'மைக்' என்றிருக்கிறதா, 'லைன்' என்றிருக்கிறதா என்பதையும் காணுங்கள். 'லைன்' என்றிருந்தால் குரல் கிணற்றடியிலிருந்து வருவது போல மெலிந்திருக்கும். மேற்கண்ட இரு கோளாறுகளைப் போலன்றி, மின்சாரமின்றிப் பதியாமற்போன குரலை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

4. கைப்பேசிக் காலம்

கைப்பேசிச் செருகியில் ஒலிவாங்கிக்கென நான்காவது தொடர்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் இடத்தில் உற்பத்தியாளர்கள் ஒன்றுபடவில்லை. இரு வேறு முறைகள் தோன்றின. ஆகவே, மூன்று தொடர்பு கொண்ட கேமரா ஒலிவாங்கியைக் கைப்பேசியில் செருகினால், பல வேளைகளில் கைப்பேசி அதனை அடையாளம் காணாமல், தன் சொந்த ஒலிவாங்கியிலேயே பதிந்து கொண்டிருக்கும். இதனைக் கண்டறிய ஒலிவாங்கியின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். அவ்வொலி பதிவில் உரத்துக் கேட்டால் சரி. இல்லையேல் உரிய மாற்றியை வாங்கிப் பொருத்த வேண்டும்.

5. பதிவுக்கு முன் ஒரு நிமிடம்

பாட்டியிடம் "இன்று காலை என்ன பசியாறினீர்கள்?" என்று கேட்டு ஒரு நிமிடம் பதியுங்கள். அதை ஹெட்போனில் இரு காதாலும் கேளுங்கள். பின்னர் ஒற்றை ஒலிபெருக்கியிலும் கேளுங்கள். இரண்டிலும் தெளிவாக இருந்தால் மட்டுமே தொடருங்கள். வீட்டிற்கு வந்ததும் மூலக்கோப்பைத் தொடாமல், ஒரு படியெடுத்து அதில் மட்டும் திருத்தம் செய்யுங்கள்.

சயாம் ரயில் பாதை போடப்பட்டு 80 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதனைக் கண்ணால் கண்டவர்களிடம் மீண்டும் ஒருமுறை கேட்டுப் பதியும் வாய்ப்பு இனி அரிதினும் அரிது. உங்கள் வீட்டு அலமாரியில் 'கெட்டுப்போனது' என்று ஒதுக்கிய கேசட்டோ கோப்போ இருந்தால், இன்றே எடுத்துப் பாருங்கள்.