வடவார்க்காட்டு வாக்குப் பெட்டியும் நம் குலத்தாரும்

நம் பாட்டனார் காலத்திலும் ஊரார் எல்லாரும் இன்றுபோலவே ஓட்டளித்தனர் என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920-இல் சென்னைச் சட்டசபைக்கு நடந்த தேர்தலில், குறித்த அளவு வரி செலுத்தும் சொத்துடையார்க்கே பெரும்பாலும் ஓட்டுரிமை இருந்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேலியைச் சற்று அகற்றிற்று. ஆயினும் கூலிக்கு ஏர் பிடித்தவரிற் பெரும்பாலார் வெளியிலேயே நின்றனர். 1937-இல் காங்கிரஸார் மஞ்சள் பெட்டியைக் காட்டி ஓட்டுக் கேட்டு, 215 ஸ்தானங்களில் 159-ஐக் கைக்கொண்டனர். எழுத்தறியாதவரும் நிறமறிவாரன்றோ!

இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் ஓட்டு வந்தது முதற் பொதுத் தேர்தலிலேயாம். நம் ராஜ்யத்தில் 1952 ஜனவரியில் அது நடைபெற்றது. ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி. அதன்மேல் அவர்தம் சின்னம். அத்தேர்தலில் தம் பெயர் சொல்லாது ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்று மட்டும் கூறிய பெண்டிர் ஏறத்தாழ 28 லட்சம் பேர் தேசமெங்கும் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலார் வடநாட்டாரே. ஆயினும், கணவன் பெயர் சொல்ல நாணும் நம் வீட்டுப் பெண்டிரும் இதனை அறிதல் நன்று.

அத்தேர்தலுக்கு முன்னரே வன்னியகுல க்ஷத்திரிய சங்கத்தார் தம் ஜனத்தொகைக்கேற்ற பிரதிநிதித்துவம் வேண்டுமெனத் துணிந்தனர். ஆனால் ஒரு கட்சியாய் நிற்க இயலவில்லை. தென்னார்க்காட்டிலும் சேலத்திலும் எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி. நம் திருவண்ணாமலை அன்று அடங்கியிருந்த வடவார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் மா. அ. மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி. முன்னது 19, பின்னது 6, ஆக 25 ஸ்தானம் சட்டசபையில் கிடைத்தது. 375 ஸ்தானங்களிற் காங்கிரஸுக்குக் கிடைத்தன 152 மாத்திரமே. ஆகவே இவ்விருபத்தைவர்க்கு அவ்வேளையில் எத்துணை விலை இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டா.

அப்பாலைச் செய்தியே நம்மனோர் மேடைகளில் விரைந்து கடந்துபோகும் செய்தி. இவ்விரு கட்சிகளையும் திராவிட முன்னேற்றக் கழகம் ஓர் உறுதிமொழியின்பேரில் ஆதரித்திருந்தது. ராஜாஜி முதன்மந்திரியானபோது நாயக்கர் அவர்தம் மந்திரிசபையிற் சேர்ந்தார். 1954-இல் காமராசர் அமைத்த மந்திரிசபையிற் படையாட்சியாரும் இடம்பெற்றார். இரு கட்சிகளும் கலைந்து காங்கிரஸோடு கலந்தன. குலத்தினின்று இருவர் மந்திரிகளானது பெருமையன்றோ எனின், பெருமையே, நான் மறுக்கவில்லை. அதிகாரத்தினின்று விலகி நின்று எதனைச் சாதித்திருக்கக் கூடும் என்பாரும் உளர். அவ்வாதத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் 1952-இல் காங்கிரஸின் பெட்டியை ஒதுக்கிவிட்டு வேறு பெட்டியிற் சீட்டிட்ட குடியானவனுடைய ஓட்டு, அவனை மீண்டும் கேளாமலே, காங்கிரஸின் கணக்கிற் சேர்ந்துவிட்டது. சங்கம் ஓட்டைத் திரட்டக் கற்றிருந்தது. ஓட்டுப் பெற்றவரிடம் கணக்குக் கேட்க அது வழி செய்துகொள்ளவில்லை என்பதே என் கருத்து.

கணக்குக் கேட்டல் இந்நாட்டுக்குப் புதிதன்று. நம் தொண்டைமண்டலத்து உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அது வேதியர் ஊர்ச் சபை. பெரும்பாலும் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவர்க்கே அதில் இடம். நம்போன்ற உழுகுடிகளுக்கு அங்கே ஓலையில்லை. ஆதலின் அதனைக் குடியரசின் தாய் என்று புகழ்வாரோடு யான் முழுதும் உடன்படேன். எனினும் அதில் ஒரு விதி உண்டு: வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது சென்றவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய சுற்றத்தாரும் குடத்தில் ஓலையிடப்பெறார்.

நம் ஊரார் தாமே ஒருவகையிற் கணக்குத் தீர்த்தனர். 1957-இல் திருவண்ணாமலைச் சட்டசபை ஸ்தானத்துக்குக் கழகத்தின் சார்பில் நின்ற ப. உ. சண்முகம் வென்றார். அவ்வாண்டு கழகம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய இருவரில் ஒருவரான தர்மலிங்கமும் இத்தொகுதியினரே. 1962-இல் காங்கிரஸ் மீண்டது. 1963 இடைத்தேர்தலில், காமராசர் முதன்மந்திரியாயிருக்கும்போதே, மறுபடியும் கழகம் வென்றது.

1952-இல் முதன்முறை ஓட்டளித்த நம்மவர் இன்று தொண்ணூறு கடந்தவர். மிகச் சிலரே எஞ்சியிருப்பர். எந்தப் பெட்டியில் இட்டனர், ஏன் இட்டனர், கட்சி கலைந்த செய்தி ஊருக்கு எப்போது யார் வாயிலாக வந்தது என்பவற்றை வீட்டிலுள்ள பிள்ளைகள் கேட்டெழுதிப் பத்திராதிபருக்கு அனுப்புவாராக.