இந்துமதி கதிரேசன்

இந்துமதி கதிரேசன் (பிறப்பு: 5 ஜூன் 1994, கடலூர்) இந்திய மகளிர் கால்பந்து அணியின் நடுக்கள வீராங்கனை, தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். இவற்றில் ஒன்றை விட்டுவிட்டால் அவரது ஆட்டவாழ்க்கை பாதிதான் விளங்கும்.

தமிழகப் பெண்கள் கால்பந்தின் கதை சென்னையைவிடக் கடலூருக்கே அதிகம் சொந்தம். 2004 ஆழிப்பேரலை சிதைத்த அந்த மாவட்டத்திலிருந்துதான் இந்துமதி, சுமித்ரா, பண்ருட்டி சந்தியா என்று ஒரே தலைமுறையில் பல பெண்கள் இந்தியச் சீருடைவரை போனார்கள். வசதி குறைந்த ஊர்களில் பெண்பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துவந்த பயிற்சியாளர்களின் பிடிவாதம் இதற்குப் பெரிய காரணம்.

2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என வென்றது. இந்தப் போட்டியைத் தன் சொத்துபோல ஆண்டுவந்த மாநிலம் மணிப்பூர்; தமிழ்நாட்டுக்கோ அதுதான் முதல் பட்டம். நந்தினி ஒரு கோல், இந்துமதி ஒரு கோல். தமிழகப் பெண்கள் கால்பந்தை அந்த நாளுக்கு முன், பின் என்று பிரித்தே பேசலாம்.

அடுத்த ஆண்டு இந்துமதிக்கு உச்சம். 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசிய மகளிர் சாம்பியன்ஷிப். அரையிறுதியில் வங்கதேசத்தை இந்தியா 4-0 என வீழ்த்தியபோது இரண்டு கோல்கள் இந்துமதியுடையவை. தொடர் முழுவதும் நான்கு கோல்கள் அடித்து, நேபாளத்தின் சபித்ரா பண்டாரியுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். கோல் அடிப்பதே வேலையான முன்கள வீராங்கனைக்கு நிகராக, பந்தைப் பறித்து முன்னே கொடுக்கும் நடுக்களத்திலிருந்து ஒருவர் அந்த இடத்துக்கு வருவது எளிதல்ல. இறுதியாட்டத்தில் இந்தியா நேபாளத்தை 3-1 என வென்று ஐந்தாம் முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

விராட்நகரில் எதிரணியில் நின்ற சபித்ரா, சில வாரங்களில் சேது எஃப்சி அணியில் இந்துமதியின் தோழி ஆனார். மதுரை வட்டாரத்து அணியான சேது, அந்த மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. இந்துமதி பின்னாளில் கோகுலம் கேரளா அணிக்கும் ஆடினார்.

மகளிர் லீக் அப்போது சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டி. மீதி மாதங்களுக்குச் சோறு போட்டது காக்கிச் சட்டை. 2020 கொரோனா ஊரடங்கில் மைதானங்கள் பூட்டிக் கிடக்க, இந்துமதி சென்னை அண்ணாநகரில் சாலைக் காவலில் நின்றார். நோய்த்தொற்றுக்கு நடுவே நாள்முழுக்க வாகனங்களை நிறுத்தி விசாரிப்பதும், வெளியே சுற்றுவோரை வீட்டுக்கு அனுப்புவதும் வேலை. தேசிய அணியின் வீராங்கனை ஒருவர் பயிற்சியை விட்டுவிட்டுத் தெருவில் நிற்கிறார் என்ற செய்தி உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் கவனத்துக்கும் போனது.

அதே நோய் 2022 ஜனவரியில் இன்னொரு வழியில் வந்து மறித்தது. உலகக் கோப்பைக்குத் தகுதிச்சுற்றாகவும் அமைந்து, இந்தியாவிலேயே நடந்த ஆசியக் கோப்பைக்கான அணியில் இந்துமதி இருந்தார். நவி மும்பையில் ஈரானுடன் முதல் ஆட்டம் 0-0. மூன்று நாள் கழித்துச் சீன தைபேவை எதிர்கொள்ள வேண்டிய வேளையில் அணிக்குள் தொற்று பரவி, களமிறக்கப் போதிய ஆட்கள் இல்லாமல் போனது. சொந்த மண்ணில் உலகக் கோப்பைக்கான வாசல் ஒரே ஆட்டத்தோடு மூடியது.

2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியாணாவை 2-1 என வென்று, தேசியப் பட்டத்தைத் தமிழ்நாடு இரண்டாம் முறை கைப்பற்றியது.