இந்தியாவில் தடை செய்யப்பட்ட ‘.450’ வேட்டை ரைபிள்: தோட்டா உற்பத்தி நின்றதும் மீண்டதும் எப்படி? - ஒரு பார்வை

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் யானை, புலி, காட்டெருமை வேட்டைக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பெருவிட்ட ரைபிள்கள், இன்றும் முன்னாள் சமஸ்தானக் குடும்பங்களிடமும் அருங்காட்சியகங்களிலும் உள்ளன. அவற்றின் எஃகுக் குழலும் மரக்கட்டையும் நூறாண்டு கடந்தும் உறுதி குன்றாமல் இருக்கின்றன. ஆனால், அவற்றுக்குரிய தோட்டாக்களோ ஒரு காலகட்டத்தில் கடைகளிலிருந்து முற்றிலும் மறைந்துவிட்டன.

துப்பாக்கியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் உலோகம் மட்டுமன்று. அதற்குரிய தோட்டாவை யாரேனும் தொடர்ந்து தயாரிக்கிறார்களா என்பதும்தான். 1907-ஆம் ஆண்டு இந்தியாவில் தடைக்குள்ளான ‘.450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ ரகமும், அந்தத் தடையால் உருவான பிற ரகங்களும் இதற்குச் சிறந்த சான்றுகளாகும்.

‘.450’ என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் ‘காலிபர்’ எனப்படுகிறது. பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் இது அங்குலத்தில் குறிக்கப்படும். அதன்படி ‘.450’ என்பது ஏறத்தாழ 11.4 மில்லி மீட்டராகும். பொதுவாக .40 அங்குலத்துக்கு மேற்பட்டவை பெருவிட்ட ரைபிள்களாகக் கருதப்படுகின்றன.

லண்டனைச் சேர்ந்த ஜான் ரிக்பி நிறுவனம் 1898-இல் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை அறிமுகப்படுத்தியது. அதுவரை வேட்டையில் பயன்பட்ட கருமருந்துக்குப் பதிலாக, ‘கார்டைட்’ என்னும் புகை குறைந்த வெடிமருந்து அதில் நிரப்பப்பட்டது. 480 கிரெயின், அதாவது சுமார் 31 கிராம் எடையுள்ள குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர் வேகத்தில் அது செலுத்தியது.

கருமருந்துக் காலத்தில் யானையை வீழ்த்த மிகக் கனமான துப்பாக்கிகளும் ஈயக் குண்டுகளும் தேவைப்பட்டன. புகை மண்டலம் எழுந்து சுட்டவரின் பார்வையை மறைத்ததும் உண்டு. இக்குறைகளை நீக்கிய .450 ரகம் குறுகிய காலத்திலேயே வேட்டைக்காரர்களிடையே பெருமதிப்பைப் பெற்றது.

1907 தடையின் பின்னணி

பிரிட்டிஷ் படையில் 1871 முதல் பயன்பாட்டில் இருந்த மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் தோட்டா ‘.577/450’ ஆகும். பிற்காலத்தில் படைக்கு .303 ரைபிள்கள் வழங்கப்பட்ட போதிலும், மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் இந்தியாவில், குறிப்பாக வடமேற்கு எல்லைப் பகுதியில் பெருமளவில் புழங்கின. எல்லைப்புறக் கைவினைஞர்கள் அவற்றின் நகல்களையும் தயாரித்து வந்தனர்.

வேட்டைக்கென இறக்குமதியாகும் .450 தோட்டாக்களின் குண்டுகளைப் பிரித்தெடுத்து, கிளர்ச்சியாளர்கள் தங்களிடமுள்ள மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களில் பயன்படுத்தக்கூடும் என ஆங்கிலேய அரசு அஞ்சியது. இதையடுத்து, .450 விட்டமுள்ள ரைபிள்களையும் தோட்டாக்களையும் இந்தியாவிலும் சூடானிலும் இறக்குமதி செய்வதற்கு 1907-இல் தடை விதிக்கப்பட்டது.

பிரிட்டனின் துப்பாக்கித் தயாரிப்பாளர்களுக்கு இந்தியா மிக முக்கியமான சந்தையாக இருந்தது. அச்சந்தையை இழக்க விரும்பாத நிறுவனங்கள், ஆற்றலில் .450-க்கு இணையாகவும் விட்டத்தில் சற்றே மாறுபட்டும் இருக்கும் தோட்டாக்களை உருவாக்கின. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் .465, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் .476, ஜோசப் லாங் உருவாக்கிய .470 ஆகியவையும், .475 எண் 2 ரகமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

ஒரு விட்டத்தை ஒழிக்கப் பிறப்பித்த ஆணை, இவ்வாறு பல புதிய விட்டங்களைத் தோற்றுவித்தது. இவை அனைத்தின் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும், ஒன்றின் தோட்டாவை மற்றொன்றில் பயன்படுத்த இயலாது. பிற்காலத்தில் உரிமையாளர்கள் எதிர்கொண்ட இன்னல்களின் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

ஒரே ஆலையை நம்பிய சந்தை

புகழ்பெற்ற துப்பாக்கி நிறுவனங்களின் பெயர் தோட்டாப் பெட்டிகளில் அச்சிடப்பட்டிருந்தாலும், அத்தோட்டாக்களை அவை பெரும்பாலும் தாமே தயாரிக்கவில்லை. பர்மிங்காம் நகரை அடுத்த விட்டனில் 1862-இல் தொடங்கப்பட்ட கைனாக் ஆலையே பெரும்பாலான ரகங்களைத் தயாரித்து வழங்கியது. பின்னர் இந்நிறுவனம் 1926-இல் உருவான ஐ.சி.ஐ. குழுமத்தின் அங்கமானது.

இந்தியா 1947-இல் விடுதலை பெற்றது. 1960-களில் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளும் அடுத்தடுத்து விடுதலை அடைந்தன. பெருவிட்ட ரைபிள்களை வாங்கிவந்த காலனி அதிகாரிகளும் வேட்டைப் பயணிகளும் குறைந்தனர். ஆண்டுக்குச் சில ஆயிரம் மட்டுமே விற்கும் பல்வேறு ரகங்களுக்காக இயந்திரங்களையும் அச்சுகளையும் பராமரிப்பது இலாபகரமாக இல்லை. எனவே, கைனாக் தன் பெருவிட்டத் தோட்டா உற்பத்தியை 1960-களில் படிப்படியாகக் கைவிட்டது.

இதனால் எந்த நிறுவனத்தின் ரைபிளை வைத்திருந்தாலும் உரிமையாளர்கள் ஒரே நேரத்தில் நிர்க்கதியாயினர். கையிருப்பில் உள்ள பழைய தோட்டாக்கள் தீரும் வரையே அத்துப்பாக்கிகள் பயன்பட்டன. அதன் பின் அவை சுவரை அலங்கரிக்கும் பொருள்களாயின.

வெற்றிடத்தை நிரப்பிய ‘.458’

அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1956-இல் ‘.458 வின்செஸ்டர் மேக்னம்’ தோட்டாவை அறிமுகப்படுத்தியது. பழைய .450, .470 ரகங்களின் ஆற்றலை, விலை குறைந்த சாதாரண ‘போல்ட் ஆக்‌ஷன்’ ரைபிளிலேயே பெறுவது இதன் நோக்கமாகும். கைவேலையில் உருவாகும் விலையுயர்ந்த இரட்டைக்குழல் ரைபிள்களை வாங்க இயலாதோர் இதன்பால் திரும்பினர். பெரிய ஆலை ஒன்றின் தொடர்ச்சியான உற்பத்தி ஆதரவும் இதற்குக் கிடைத்தது.

இதில் ஒரு முரண் உண்டு. .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், .458 வின்செஸ்டர் ஆகிய இரண்டின் குண்டுகளுக்கும் விட்டம் .458 அங்குலமே. எனவே, 1907-இல் தடை செய்யப்பட்ட விட்டத்துக்குரிய குண்டுகள் இன்று உலகச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. தடையைத் தவிர்ப்பதற்காக உருவாக்கப்பட்ட .465, .476 போன்றவற்றுக்கே குண்டு கிடைப்பது அரிதாக உள்ளது.

மீண்டும் தொடங்கிய உற்பத்தி

1980-களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபெடரல் நிறுவனம் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ், .416 ரிக்பி ஆகிய தோட்டாக்களை ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது. பிரிட்டனில் கைனாம்கோ என்ற நிறுவனம் உரிமம் பெற்று, கைனாக் என்ற பழைய பெயரிலேயே பெருவிட்டத் தோட்டாக்களை 1990-களில் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஹார்னடி, ஸ்வீடனின் நோர்மா ஆகியவையும் பின்னர் இத்துறையில் இணைந்தன.

பல ரகங்களுள் .470 முதலில் மீண்டதற்குக் காரணம் உண்டு. .465, .476 போன்றவை குறிப்பிட்ட நிறுவனங்களின் தனியுரிமையாக விளங்கின. .470-ஐயோ எந்தத் துப்பாக்கித் தயாரிப்பாளரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது. அதனால் அவ்விட்டத்தில் அதிக ரைபிள்கள் உருவாயின. அதிக உரிமையாளர்கள் இருந்ததால், தோட்டாத் தயாரிப்பும் இலாபகரமாக அமைந்தது. பலருக்கும் பொதுவாக்கப்பட்ட ரகம் நிலைத்தது; ஒரே நிறுவனத்துக்குள் முடங்கிய ரகம் பின்தங்கியது.

உற்பத்தி ஆதரவில் அடங்குபவை எவை?

நிறுத்தப்பட்ட ஒரு ரகத்தை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரப் பெட்டியில் அடைத்த தோட்டா மட்டும் போதாது. அதற்குப் பல நிலைகளில் ஆதரவு தேவைப்படுகிறது.

முதலாவது, பித்தளை உறை. பழைய கைனாக் உறைகளில் ‘பெர்டான்’ வகை பிரைமர் பயன்படுத்தப்பட்டது. அதற்குரிய பெரிய அளவு பிரைமர்கள் இன்று கிடைப்பது அரிது. இப்போது தயாராகும் உறைகள், எளிதில் கிடைக்கும் ‘பாக்ஸர்’ வகை பிரைமருக்கு ஏற்ப வடிவமைக்கப்படுகின்றன.

இரண்டாவது, குண்டு. பழைய ரைபிள்களின் குழல் சுவர் மெல்லியது. நவீனக் கடினக் குண்டுகள் அதற்குச் சேதம் விளைவிக்கக்கூடும் என்பதால், பழைய வடிவிலான குண்டுகளே விரும்பப்படுகின்றன. ஆஸ்திரேலியாவின் உட்லீ நிறுவனம் இதில் பெயர்பெற்றது. அந்த ஆலையில் 2021-இல் தீ விபத்து நேரிட்டபோது, உலகெங்கும் உள்ள பழைய ரைபிள் உரிமையாளர்கள் கவலைக்குள்ளாயினர். ஒரு சில சிறு ஆலைகளையே இத்துறை இன்றும் நம்பியிருப்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

மூன்றாவது, வெடிமருந்தின் அளவு. இரட்டைக்குழல் ரைபிளின் இரு குழல்களும் குறிப்பிட்ட தொலைவில் ஒரே இலக்கைத் தாக்கும் வகையில் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டவை. குண்டின் எடையோ வேகமோ மாறினால், இரு குண்டுகளும் வெவ்வேறு இடங்களில் பாயும். கார்டைட் வெப்பத்தில் அதிக அழுத்தத்தை உண்டாக்கும் இயல்புடையது என்பதால், இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்கென அளவு குறைக்கப்பட்ட தோட்டாக்கள் முற்காலத்தில் தயாரிக்கப்பட்டன. இன்று கார்டைட்டுக்குப் பதிலாக வேறு வெடிமருந்தைப் பயன்படுத்தும் நிறுவனங்கள், பழைய வேகத்தையும் அழுத்தத்தையும் ஆய்வின் மூலம் மீட்டெடுக்க வேண்டியுள்ளது.

நான்காவது, தர அளவுகள். ஐரோப்பாவில் சி.ஐ.பி. எனப்படும் பன்னாட்டு நிரந்தர ஆணையமும், அமெரிக்காவில் 1926-இல் நிறுவப்பட்ட சாமி அமைப்பும் தோட்டாக்களின் பரிமாணங்களையும் உச்ச அழுத்த வரம்புகளையும் வரையறுக்கின்றன. உற்பத்தி நின்ற ரகத்தின் அளவுகள் ஆவணத்தில் நிலைத்திருந்தால்தான், புதிய ஆலை ஒன்று பழைய துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டாவைத் துல்லியமாகத் தயாரிக்க முடியும்.

கார்பெட் துப்பாக்கிகள் உணர்த்தும் பாடம்

.450-க்குத் தடை விதிக்கப்பட்ட அதே 1907-இல்தான், 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அதற்காக அவருக்கு ‘.275 ரிக்பி’ ரைபிள் பரிசளிக்கப்பட்டது. ரிக்பி நிறுவனம் அண்மைக் காலத்தில் அத்துப்பாக்கியை வாங்கி, 2016-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து காட்சிப்படுத்தியது.

‘.275 ரிக்பி’ என்பது 7×57 மவுசர் தோட்டாவின் பிரிட்டிஷ் பெயரே. உலகின் பல படைகள் பயன்படுத்திய ரகம் என்பதால், அதற்குத் தோட்டாத் தட்டுப்பாடு ஏற்படவே இல்லை. கார்பெட் பயன்படுத்திய மற்றொரு துப்பாக்கி .450/400 இரட்டைக்குழல் ரைபிளாகும். .450 உறையைக் குறுக்கி, சுமார் .41 அங்குலக் குண்டைப் பொருத்திய ரகம் இது. குண்டின் விட்டம் சிறியது என்பதால் 1907 தடை இதைப் பாதிக்கவில்லை. ஆயினும் கைனாக் உற்பத்தி நின்றபோது இதுவும் முடங்கியது. பல்லாண்டுகளுக்குப் பின் ஹார்னடி நிறுவனம் தோட்டா தயாரிக்கத் தொடங்கிய பிறகே இது மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. ஒரே வேட்டைக்காரரின் இரு துப்பாக்கிகளுக்கும் இவ்வாறு வெவ்வேறு எதிர்காலம் வாய்த்தது.

இந்தியாவில் இன்றைய நிலை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்த பின், இந்தியாவில் வேட்டை படிப்படியாக முடிவுக்கு வந்தது. மனித உயிருக்கு ஆபத்தாக மாறும் விலங்குகள் தொடர்பாக, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ உத்தரவின் பேரில் மட்டுமே விதிவிலக்கு அளிக்கப்படுகிறது. எனவே, பெருவிட்டத் தோட்டாக்களுக்கு உள்நாட்டில் சந்தை இல்லை.

படைகள் பயன்படுத்தும் விட்டங்களைப் பொதுமக்களிடமிருந்து விலக்கி வைக்கும் 1907-ஆம் ஆண்டின் அணுகுமுறை வேறு வடிவில் தொடர்கிறது. .303 ரகம் தடை செய்யப்பட்ட விட்டமாக உள்ளது. ‘.315’ ரைபிளே பொதுமக்களுக்கான ரகமாக இந்தியாவில் நிலைபெற்றது. ஆஸ்திரியாவின் பழைய 8×50 மேன்லிகர் இராணுவத் தோட்டாவை அடிப்படையாகக் கொண்ட இந்த ரகம், மற்ற நாடுகளில் வழக்கொழிந்துவிட்டது. இந்திய அரசு ஆலைகள் ரைபிளையும் தோட்டாவையும் தொடர்ந்து தயாரித்ததால் மட்டுமே அது இங்கு உயிர்ப்புடன் உள்ளது.

பரம்பரையாகப் பெருவிட்ட ரைபிள் வைத்திருப்போர் சட்ட நிலையை அறிந்திருப்பது அவசியம். “தோட்டாவே கிடைக்காத துப்பாக்கிக்கு உரிமம் எதற்கு?” என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயுதச் சட்டம், 1959-இன் 45-ஆவது பிரிவு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுகருவியாகப் பயன்படுத்தவே இயலாத பழங்கால அல்லது சிதைந்த ஆயுதங்களுக்கே விலக்கு அளிக்கிறது. இயங்கும் நிலையிலுள்ள ரைபிளுக்குத் தோட்டா கிடைக்கவில்லை என்பது அவ்விலக்கில் இடம்பெறவில்லை.

2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. பரம்பரையாக வந்தவையும் இந்த வரம்புக்குள் அடங்கும். உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதும் சட்டப்படி குற்றமாகும். வெளிநாடுகளில் ஆர்வலர்கள் வீட்டிலேயே தோட்டா நிரப்புவதைப் பார்த்து, இங்கும் அதைச் செய்யலாம் எனக் கருதுவது தவறாகும்.

பாதுகாப்பும் கருத்தில் கொள்ளத்தக்கது. பல்லாண்டுகள் பழமையான தோட்டாக்களில் பிரைமர் தாமதமாகத் தீப்பற்றவோ, வெடிமருந்து சிதைந்திருக்கவோ வாய்ப்புண்டு. பெயரில் ஒத்திருக்கும் வேறு ரகத் தோட்டாவைப் பயன்படுத்தினால் குழல் வெடித்து உயிரிழப்பு நேரலாம். ‘.450’ எனத் தொடங்கும் பெயருடைய தோட்டாக்கள் பல உள்ளன. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக மாட்டா. உரிமம் காலாவதியான அல்லது உரிமையாளர் மறைந்த நிலையில், துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வகை செய்கிறது.

முக்கியத் தகவல்கள் சுருக்கமாக

* 1898: ஜான் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை அறிமுகப்படுத்தியது.
* 1907: இந்தியா, சூடானில் .450 விட்டத்துக்கு இறக்குமதித் தடை, மாற்றாக.465, .470, .476 உள்ளிட்ட ரகங்கள் தோன்றின.
* 1956: .458 வின்செஸ்டர் மேக்னம் அறிமுகம்.
* 1960-கள்: கைனாக் பெருவிட்டத் தோட்டா உற்பத்தியைப் படிப்படியாகக் கைவிட்டது.
* 1972: இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.
* 1990-கள்: கைனாக் பெயரில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.
* 2019: ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள் என ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது.