நோயறியும் கருவியும் மேற்பார்க்கும் மருத்துவரும்

செயற்கை நுண்ணறிவு மருத்துவமனைக்குள் புகுந்துவிட்ட இந்நாளில், இறுதி முடிவு மருத்துவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்று எல்லாரும் கூறுகின்றனர். கூறுவது எளிது. கருவி சொன்னதை ஒப்பவும் மறுக்கவும் வேண்டிய திறன் அம்மருத்துவரிடம் எஞ்சி நிற்குமா என்பதன்றோ வினா? ஐம்பது ஆண்டுகட்கு முன்னரே இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனை இதற்குப் பாதி விடை தந்துள்ளது.

லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்பாரும் அவர்தம் குழுவினரும் கடும் வயிற்றுவலியை ஆராயப் புகுந்தனர். குடல்வால் அழற்சியா, இரைப்பைப் புண் துளைபட்டதா, பித்தப்பையில் வீக்கமா, அன்றித் தானே தணியும் வலிதானா என்று பிரித்தறிவது கைதேர்ந்தவர்க்கும் அரிது. காலந்தாழ்த்தினால் குடல்வால் வெடிக்கும். விரைந்தாலோ வீணே வயிற்றைக் கிழிக்க நேரும். தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் வகுத்து, அவர் மறைந்தபின் 1763 இல் வெளியான நிகழ்தகவு விதியே இக்குழுவினர்க்குத் துணையாயிற்று. முன்னைய நோயாளர் குறிப்புகளைக் கொண்டு கணிப்பொறி நோயைக் கணித்தது. 304 நோயாளரிடம் ஒப்பிட்டு 1972 இல் வெளியிட்ட முடிவின்படி, கணிப்பொறி சரியாகக் கூறியது நூற்றுக்கு 91.8, ஒவ்வொரு நோயாளரையும் கண்ட மருத்துவருள் மூத்தவர் கூறியது 79.6.

இவ்விரண்டு எண்களையே பலரும் எடுத்துக்காட்டுவர். எனினும், 1974 இல் வெளிவந்த அவர்களது அடுத்த அறிக்கையே கூர்ந்து நோக்கத்தக்கது. சோதனைக் காலத்தில் மருத்துவர்களின் திறனும் உயர்ந்திருந்தது. அறுவைக்கு முன்னரே வெடித்துவிடும் குடல்வால்கள் நூற்றுக்கு 36 என்றிருந்தவை 4 ஆகக் குறைந்தன. வீண் அறுவைகளும் அருகின. காரணம் கணிப்பொறியின் விடை மட்டுமன்று. அதற்குச் செய்தி தர வேண்டி, வலி எங்கே தோன்றிற்று, எங்கே நகர்ந்தது, எப்போது மிகுந்தது என ஒன்றும் விடாமற் கேட்டுப் பதிய வேண்டியிருந்தது; தம் கணிப்புச் சரியா பிழையா என்பதும் அவர்கட்குத் தொடர்ந்து தெரிந்துகொண்டிருந்தது. கணிப்பொறியைப் பேராசான் என்பதினும், மாணாக்கரை ஒழுங்காக எழுதவைத்த சட்டாம்பிள்ளை என்பதே பொருந்தும். 1972 ஆகஸ்டில் சோதனை முடிவுற்றது. சட்டாம்பிள்ளை போனதும் எண்கள் பழைய நிலையை நோக்கித் திரும்பின!

மருத்துவரை உழைக்கவைத்த கருவி லீட்ஸ் கருவி. இன்றைய கருவிகள் பலவும் அவருடைய உழைப்பைத் தாமே ஏற்றுக்கொள்வன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய சட்டம், தீங்கு விளைக்க வல்ல இத்தகைய அமைப்புகளை மனிதர் மேற்பார்க்க வேண்டும் என்கிறது. கருவியையே மிகையாக நம்பிவிடும் இயல்பை மேற்பார்ப்பவர் உணர்ந்திருக்க வேண்டும் என்றும், அதன் முடிவைத் தள்ளும் உரிமை அவர்க்கு உண்டு என்றும் விதிக்கிறது. நல்ல விதியே. ஆயினும் தள்ளும் உரிமையைச் சட்டம் தரலாம். தள்ளத்தக்கது எது என்று காணும் கண்ணைத் தர இயலாது.

போலந்து நாட்டின் நான்கு நிலையங்களில் பெருங்குடலை உள்நோக்கி ஆராயும் மருத்துவர்கட்குச் செயற்கை நுண்ணறிவு துணை நின்றது. புற்றாக மாறக்கூடிய கட்டிகளை அது திரையிலேயே சுட்டிக்காட்டியது. அத்துணை வருமுன், தம் கண்ணாலேயே ஆராய்ந்தபோது நூற்றுக்கு 28.4 பேரிடம் அத்தகைய கட்டிகளை அவர்கள் கண்டறிந்தனர். கருவியுடன் பழகியபின், அஃதின்றி ஆராய்ந்தபோது அது 22.4 ஆயிற்று. 2025 இல் வெளியான இவ்வாய்வு ஒன்றே கருவியைக் குற்றவாளியாக்கப் போதாது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அம்மருத்துவர்கள் புதியவர் அல்லர். ஒவ்வொருவரும் 2,000 க்கு மேற்பட்ட முறை அவ்வாய்வைச் செய்து பழகியவர்கள்.