ஈவினிங் குரோஸ்பீக்குக்கு எது அடிப்படை ஆண்டு?

குறியீட்டெண் கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியும், அடிப்படை ஆண்டு இயல்பான ஆண்டாக இருக்கணும். பஞ்சம் வந்த வருஷத்தையோ அமோக விளைச்சல் வந்த வருஷத்தையோ எடுத்தால் விடை நம்மை ஏமாற்றிவிடும். இது எனக்கு நன்றாக உறைத்தது பி.காம். புத்தகத்தில் இல்லை, ஒரு வட அமெரிக்கப் பறவையின் கதையில்.

பெயர் ஈவினிங் குரோஸ்பீக். மைனாவை விடச் சின்னது. ஆண் பறவை மஞ்சள் உடம்பும் கறுப்பு வெள்ளை இறக்கையுமாக இருக்கும். குரோஸ்பீக் என்றால் பருத்த அலகு. செர்ரிப் பழம் கிடைத்தால் சதையை ஒதுக்கிவிட்டு, கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னும். நமக்குப் பல்லே போய்விடும்!

1823-ல் சுப்பீரியர் ஏரிப் பக்கம் எல்லை அளக்கப் போன ஜோசப் டெலஃபீல்ட் இதை அந்தி நேரத்தில் பார்த்தார். மாலையில்தான் வெளியே வரும் என்று நினைத்துவிட்டார்கள். 1825-ல் வில்லியம் கூப்பர் அதையே அறிவியல் பெயராகவும் வைத்துவிட்டார். உண்மையில் இது பகல் முழுக்கச் சுற்றுகிற பறவை. தப்பான பெயர் 200 வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது :)

அப்போது இது மேற்குப் பக்கத்துப் பறவை. 1889-90 குளிர்காலத்தில் திடீரென்று கூட்டம் கூட்டமாகக் கிழக்கே நியூ இங்கிலாந்து வரை வந்தது. 20-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கமே கூடு கட்டவும் ஆரம்பித்தது. காரணம் சாப்பாடுதான் என்கிறார்கள். ஊர்களில் நிழலுக்கு வைத்த பாக்ஸ் எல்டர் மரத்தின் விதைகள் குளிர்காலம் முழுக்கக் கிளையிலேயே தொங்கும். போதாததற்கு வீட்டுக்காரர்கள் தட்டில் சூரியகாந்தி விதை வைத்தார்கள். ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்தால் தட்டு காலி.

ஆனால் பெரிய விருந்து காட்டில் நடந்தது. ஸ்ப்ரூஸ் பட்வார்ம் என்று ஒரு அந்துப்பூச்சிப் புழு, ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்களை மொட்டையடிக்கும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, பிறகு தானாக அடங்கிவிடும். விதை தின்னும் குரோஸ்பீக் கோடையில் குஞ்சுகளுக்கு ஊட்டுவது இந்த மாதிரிப் புழுக்களைத்தான். 1940-50களிலும் 1970களிலும் புழு பெருகியது, பறவையும் பெருகியது. காட்டைக் காப்பாற்ற கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் 1952 முதல் விமானத்தில் டி.டி.டி. தெளித்தார்கள்.

1980களில் புழு அடங்கியது. 1970-லிருந்து பார்த்தால் 90 சதவீதத்துக்கு மேல் பறவை குறைந்துவிட்டது என்பது மதிப்பீடு. 2018-ல் அழிவாபத்துப் பட்டியலிலும் ஏறிவிட்டது. இங்கேதான் எனக்கு அடிப்படை ஆண்டு ஞாபகம் வந்தது. 1970கள் விருந்துக் காலமாச்சே? 1880-ஐ அடிப்படையாக வைத்தால் கிழக்கில் கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்துதானே தொடங்கணும்?

அப்படியானால் கவலையே வேண்டாமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 2006 வாக்கில் கியூபெக்கில் மறுபடி புழு பெருக ஆரம்பித்தது. 2020-21 குளிர்காலத்தில் பல வருஷங்களுக்குப் பிறகு நிறையப் பறவைகள் தெற்கே வந்தன. ஆனாலும் பழைய கூட்டம் திரும்பவில்லை. அதனால் புழு மட்டும் கணக்கில்லை. பழைய காடுகள் வெட்டப்பட்டது ஒரு பக்கம், ஜன்னல் கண்ணாடியில் மோதிச் சாவது இன்னொரு பக்கம். பனியை உருக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்களே, அதைக் கொத்த இறங்கும் கூட்டத்தின் மேல் வண்டி ஏறிவிடுவதும் உண்டு.